வீட்டு ஜெபம் வெறும் சடங்காகிவிட்டது: நிறுத்துவதா, திருத்துவதா?

மாலைவிளக்கு

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வேதமும் ஜெபமும் நன்கு தெரிந்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாமாலை, ஆளுக்கு ஒரு வசனமாக ஒரு அதிகாரம், அப்பாவின் ஜெபம், கர்த்தருடைய ஜெபம் (இயேசு கற்றுக்கொடுத்தது), கிருபை என்ற ஆசீர்வாத வார்த்தை சொல்லி முடிப்பு. 25 நிமிடம் ஆகும். முடிந்து சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது "இன்னைக்கு எந்த அதிகாரம் வாசிச்சோம்?" என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தனி வாசிப்பும் அதே கதிதான். வருடத்துக்குள் வேதத்தை முடிக்கிற அட்டவணை, ஒரு டிக், அவ்வளவு.

வேறு சபைக்குப் போகிற சொந்தக்காரர்கள், "இதெல்லாம் செத்த சடங்கு, விட்டுத் தள்ளுங்க, ஆண்டவரோட தனிப்பட்ட உறவு இருந்தா போதும்" என்கிறார்கள். சரி, அந்த உறவுக்கு காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "அனுபவிச்சாத்தான் தெரியும்" என்று பதில் வருகிறது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிறுத்துவதா, திருத்துவதா? திருத்துவதென்றால் எங்கே கை வைப்பது? இன்னொன்று: மனம் வறண்டு போயிருப்பதும், உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஒப்புக்குச் செய்வதும் ஒன்றுதானா?

வேதவாசகன்

நிறுத்தாதீர்கள். வழக்கம் வேறு, வெறுமை வேறு. இயேசு ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனது "தம்முடைய வழக்கத்தின்படியே" என்று லூக்கா 4:16 சொல்கிறது. ஒலிவமலைக்குப் போனதும் வழக்கத்தின்படியேதான் (22:39). தானியேல் தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றான். சிலுவையில் "என் தேவனே, என் தேவனே" என்று இயேசு கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்கிய ஜெபம் இல்லை, ஏற்கெனவே மனதில் இருந்த ஜெபம் அது. மனப்பாடமாக இருந்ததால் அது பொய்யாகிவிடவில்லை.

தீர்க்கதரிசிகள் வழிபாட்டைத் திட்டவில்லையா என்று உங்கள் உறவினர்கள் கேட்பார்கள். திட்டினார்கள்தான். ஆனால் ஏசாயா முதல் அதிகாரத்தைக் கவனித்துப் படியுங்கள். "மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன்" என்று சொன்ன கையோடு காரணமும் வருகிறது: கைகளில் இரத்தம். 17-ஆம் வசனத்தில் சொல்லப்படுகிற மருந்து, திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் செய்வது. இன்னும் உருக்கமாகப் பாடுங்கள் என்று அங்கே இல்லை. ஜெபத்துக்கும் மீதி நாளுக்கும் நடுவே கம்பி அறுந்துபோனதுதான் அவர்கள் சொன்ன வெறுமை. அதனால் ஜெபத்தில் எவ்வளவு உணர்ச்சி வந்தது என்பதை வைத்து அளக்காதீர்கள். வாசித்த வசனம் மறுநாள் ஒரு காரியத்தையாவது மாற்றியதா, அதைப் பாருங்கள்.

இனி அட்டவணைக்கு வருகிறேன். வேதத்தில் 1189 அதிகாரம். வார நாட்களில் தினம் 3, ஞாயிறு 5 என்று வைத்தால் வாரம் 23, வருடத்தில் முடிந்துவிடும். கணக்கு சரிதான், ஆனால் ஆள் நடுவழியில் நின்றுவிடுவார். இந்த வேகத்தில் ஜனவரி நான்காம் வாரத்தில் யாத்திராகமம் 25-க்கு, ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகளுக்கு வந்து சேர்வீர்கள். ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் தொடங்கிவிடும். அங்கே இரண்டு நாள் விட்டுப்போகும், மூன்றாம் நாள் ஒன்பது அதிகாரம் பாக்கி நிற்கும். பாக்கியை அடைக்க வாசிக்கிற வாசிப்பில் கண் மட்டும் ஓடும். அநேகர் விழுவது இந்த இடத்தில்தான். பக்திக் குறைவென்று அவர்களே தங்களைக் குற்றம்சாட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் அளவு தப்பாக வைத்ததால் வந்த கோளாறு அது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இல் தன் சபைக்குத் தினம் நான்கு அதிகாரமாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதோடு கொடுத்த கடிதத்திலேயே நான்கு ஆபத்துகளையும் எழுதிவைத்தார்: சம்பிரதாயம், சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சுமக்க முடியாத நுகம். அட்டவணையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், கடிதத்தை விட்டுவிட்டார்கள். முடித்துவிட்டோம் என்ற திருப்தியே தேவனோடு இருந்தோம் என்ற எண்ணத்தைத் தந்துவிடும் என்பதுதான் இரண்டாவது ஆபத்து. டிக் போடுகிறவர்களுக்கு அது கட்டாயம் வரும்.

ஆகவே இந்த வருட அட்டவணையை மூடி வையுங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 678 வசனம் இருக்கிறது. தினம் பத்து வசனமென்றால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஒரு தடவை மனதுக்குள், அடுத்த தடவை வாய்விட்டு மெதுவாக. தடுக்கிய வசனத்தைக் கையால் எழுதுங்கள். பிடித்த வசனத்தை எழுதச் சொல்லவில்லை, தடுக்கிய வசனத்தை. பிடித்தது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும். பிறகு அந்த வசனத்தை அவரிடமே திருப்பிப் பேசுங்கள், "இது எனக்குப் புரியவில்லை" என்பதாக இருந்தாலும் சரி. கடைசியில் இன்று செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். "சாயங்காலத்துக்குள் சித்திக்கு போன் செய்வேன்" என்று எழுதுங்கள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

கர்த்தருடைய ஜெபத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த ஜெபம்தான் பூமியிலேயே பெரிய இரத்தசாட்சி, அவ்வளவு பேர் அதை வதைக்கிறார்கள் என்று ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1535-இல் தன் சவரத் தொழிலாளி பீட்டருக்கு எழுதினார். ஜெபிப்பது எப்படி என்று கேட்ட மனிதருக்கு எழுதிய பதில் அது. அதில் பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பிரிக்கச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்கிறேன், எதை அறிக்கையிடுகிறேன், எதைக் கேட்கிறேன். அதையே கர்த்தருடைய ஜெபத்துக்கும் வைக்கலாம். அதில் விண்ணப்பங்கள் ஏழு, வாரத்தில் நாளும் ஏழு.

புதன்கிழமை "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பிப்பது: ஒரு நாளைக்கானதைத்தான் கேட்கச் சொன்னார், அதுவும் என் வீட்டுக்கு மட்டுமல்ல. நன்றி: இன்றைக்கு உலையில் போட்ட அரிசி, சம்பளம் வந்த தேதி. அறிக்கை: வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளியது. கேட்பது: தெருவில் வேலை போன வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி. ஐந்து நிமிடம் போதும். மற்ற ஆறையும் வழக்கம்போலச் சொல்லிவிடுங்கள். ஒரு விண்ணப்பத்தில் நினைவு ஊறிப்போனால் மீதியை விட்டுவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லி லூத்தரே எழுதியிருக்கிறார். அன்றைக்குக் கணக்கை முடிக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை.

மேல்வீட்டறை

நான் பெந்தெகொஸ்தே. வேதவாசகன் ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு கேள்வியை அவர் தாண்டிப் போய்விட்டார். அட்டவணையைத் திருத்துவதற்கு முன்னால், உள்ளே விசுவாசம் இருக்கிறதா?

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம், ஜெயில் சந்திப்பு, நேரம் பிரித்து ஜெபம். குருப்பட்டம் பெற்றவர், ஜார்ஜியா வரை மிஷனெரியாகப் போனவர். ஒழுங்கில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில்தான், தன் இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே நம்புவதாக உணர்ந்தேன் என்று எழுதினார். அதுவரை செய்த ஒழுங்கு எதுவும் அதைக் கொடுக்கவில்லை. குறை வாசிப்பில் என்றால் வாசிப்பைத் திருத்தலாம். ஆண்டவர்மேல் நம்பிக்கையே வைக்காமல் குடும்பப் பழக்கத்தை மட்டும் சுமந்துகொண்டிருந்தால், பத்து வசனமும் பாரம்தான், அதிகாரமும் பாரம்தான்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியின் லூத்தரன் சபை உபதேசம் சரியாக இருந்தும் உயிரில்லாமல் கிடக்கிறது என்று பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற போதகர் 1670-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சிறு கூட்டங்கள் தொடங்கினார். 1675-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். வாரப் பிரசங்கம் போதாது, விசுவாசிகள் கூடி உட்கார்ந்து வேதத்தை வாசித்து ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்பது அவர் திட்டம். அந்த அலை ஹாலே நகரத்துக்குப் போய், அங்கே படித்த மிஷனெரி சீகன்பால்குவை 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கொண்டுவந்து இறக்கியது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதற்குப் பின்னால் இந்தக் கேள்விதான் இருந்தது: ஆளுக்கு ஆள் கையில் வேதம் இல்லாமல் உயிருள்ள விசுவாசம் எப்படி வரும்?

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. சடங்கு வேண்டாம் என்று வந்தவர்களுக்கும் சடங்கு முளைத்துவிட்டது. வேகப் பாட்டு மூன்று, மெதுவான பாட்டு இரண்டு, கீபோர்டு தாழும்போது அந்நியபாஷை, அப்புறம் "ஆண்டவர் இன்னைக்கு ஒருத்தரைத் தொடுகிறார்". புத்தகத்தில் அச்சடிக்காததால் அது ஒழுங்குமுறை இல்லை என்று ஆகாது. டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த அட்டை எடுத்து, யாருக்கு எந்தச் சூழலில் சொன்ன வசனம் என்று பாராமல் வருடம் முழுவதும் பிரிட்ஜில் ஒட்டிவைப்பதும் அதே வகைதான். அட்டை வந்தால் அந்த முழு அதிகாரத்தையும் ஜனவரி 1 காலையில் உட்கார்ந்து வாசியுங்கள். சில வாக்குத்தத்தங்களுக்கு முன்னால் கண்டிப்பான நிபந்தனை இருக்கும்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். வெஸ்லி 1742 முதல் மெத்தடிஸ்டுகளைப் பன்னிரண்டு பேர் அளவுள்ள வகுப்புகளாகப் பிரித்தார். வாராவாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேள்வி. தனிப்பட்ட உறவு என்றால் தனிமை உறவு என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வேண்டாம், மூன்று பேர் போதும். பிரசங்கம் கூடாது, ஆலோசனை கூடாது, போன வாரம் எடுத்த ஒரு காரியம் நடந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரே குடும்பத்து ஆட்களாக இருந்தால் உண்மை வெளியே வராது, வெளியாள் ஒருவர் இருக்கட்டும்.

செபமாலைக்காரன்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து, கடைசிக் கேள்விக்கு மட்டும். வறட்சியும் வெறுமையும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் செபத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பெயின் துறவி சிலுவை யோவான் மூன்று அடையாளம் சொல்கிறார். ஒன்று, கடவுள் காரியத்தில் சுவை இல்லை, உலகக் காரியத்திலும் சுவை இல்லை. இரண்டு, கடவுளுக்கு ஊழியம் செய்யாமல் பின்வாங்குகிறோமோ என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று, முன்பு போலக் கற்பனை செய்து தியானிக்க முயன்றும் முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் அது வழியில் வருகிற வறட்சி. செபத்தில் சலிப்பு, ஆனால் கிரிக்கெட்டிலும் சீரியலிலும் முழு உற்சாகம், கவலையும் கிடையாது என்றால் அது அசதி. மாலைவிளக்கு இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள் என்பதே இரண்டாவது அடையாளம் இருப்பதைக் காட்டுகிறது. ஆனால் மனச்சோர்வு நோயாக இருந்தாலும் எதிலும் சுவை இருக்காது. தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்திருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அதை ஆன்மிகப் பெயரிட்டு மூடக் கூடாது.

வறட்சி நேரத்துக்கு, இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதி மிகவும் பயன்படும்: ஆறுதலற்ற வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நிறுத்துவது என்று முடிவு எடுக்க இது நேரமே இல்லை. இன்னொன்றும் சொல்கிறார். ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால், எழுந்து ஓடத் தோன்றுகிறபோது ஒரு மணியைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக இரு. வீட்டுக்கு இதைச் சிறிதாக்கினால், பத்து நிமிடம் வைத்திருந்தால் பதினொன்று. ஆர்வம் இல்லை என்று எட்டாகக் குறைத்தால் அடுத்த வாரம் நான்காகும்.

ராத்திரிக்கு அவருடைய ஆன்மச் சோதனை இருக்கிறது, ஐந்து படி: நன்றி, ஒளி கேட்டல், எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பத்து நிமிடம். பிழை நடப்பது மூன்றாம் படியில். பாவப் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். எந்த நேரத்தில் கடவுளிடம் நெருங்கினேன், எந்த நேரத்தில் விலகினேன் என்று பார்க்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ஒருவரை மட்டம்தட்டிப் பேசியபோது வந்த சந்தோஷம், அதுதான் தகவல்.

செபமாலை சொல்கிறவர்கள் இதைப் படித்தால்: 53 அருள் நிறைந்த மரியேயும் ஓட்டமாக ஓடி முடிப்பதற்கு, பத்து மணிகள் கொண்ட ஒரே ஒரு பகுதியை நிதானமாகச் சொல்லலாம். மறைநிகழ்வை, அதாவது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சியைத் தியானிக்காத செபமாலை உயிரற்ற உடல் என்று 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதினார். "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்ற இடத்தில், அன்றைய மறைநிகழ்வுக்கு ஏற்ற ஒரு சிறு தொடரைச் சேர்த்து நிறுத்துவது பழைய வழக்கம். அந்த ஒரு நொடி நிறுத்தம் ஓட்டத்தை உடைத்துவிடும்.

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்

பெரியவர்கள் பெரிய பெயர்களாகச் சொல்லிவிட்டார்கள். எட்டரை மணிக்குப் பாயில் உட்காருகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

முதலில் 25 நிமிடத்தை 12 ஆக்குங்கள். பாமாலையில் முதல் சரணமும் கடைசிச் சரணமும். பத்து வசனம், ஒருத்தரே வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு வசனம் என்ற முறையில் பிள்ளை தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும், தன் வசனம் முடிந்ததும் காது மூடிவிடும். உங்கள் வீட்டில் அதிகாரம் யாருக்கும் நினைவில்லாததற்கு இதுவே பாதிக் காரணம்.

வாசித்த பிறகு "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். எந்த அதிகாரமானாலும் "கீழ்ப்படியணும்" என்று ஒரே பதில் தயாராக வைத்திருப்பார்கள். "இதுல யாருக்குக் கோபம் வந்திருக்கும்?", "நீ அங்க நின்னிருந்தா எங்க நின்னிருப்பே?" என்று கேளுங்கள். மாற்கு 2-இல் கூரையைப் பிரித்து நோயாளியை இறக்குகிறார்கள். கீழே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கால் மணி நேரம் பேசும்.

ஜெபத்தை வைத்துத் திட்டாதீர்கள். "ஆண்டவரே, கணக்குப் பரீட்சையில் கவனமில்லாமல் இருக்கிற இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடும்" என்பது ஆண்டவரிடம் பேசியது இல்லை, பிள்ளையிடம் பேசியது. பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து கண் மூடினால் காதையும் மூடிக்கொள்ளும். அதேபோல் கணவன் மனைவிக்குள் சண்டை என்றால் பாட்டுக்கு முன்னாலேயே பேசி முடியுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடுகிற பாமாலை பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நடிப்பைத்தான்.

பிள்ளைகள் ஆளுக்கு ஒரே வாக்கியம் ஜெபிக்கட்டும், இன்று உண்மையாக நடந்ததைப் பற்றி. வாரத்தில் ஒரு நாள் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனம் முறையீடு: "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". அடுத்த இரண்டு கேட்பது, கடைசி இரண்டு நம்பிக்கை. இந்த மூன்று கட்டத்தில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் கோபப்படலாமா என்று பெரிய பிள்ளை கேட்கும். 88-ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள், அது ஆறுதல் வரி இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வளரிளம் பிள்ளை ஜெபிக்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் தேதியும் வேண்டுதலும், வலது பக்கம் காலி. பதில் வந்தால் எழுதுங்கள், "இல்லை" என்று வந்தாலும் எழுதுங்கள். கிடைத்ததை மட்டும் எழுதினால் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாலைவிளக்கு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அப்பாவின் ஜெபமே பன்னிரண்டு நிமிடம் போகும். ஆப்பிரிக்கா மிஷனெரிகள் தொடங்கி அரசாங்க அதிகாரிகள் வரை, வரி மாறாது. அவரிடம் எப்படிச் சொல்வது? இன்னொன்று, எத்தனை நாள் செய்து பார்த்துவிட்டு இது சரிவரவில்லை என்று முடிவு பண்ணலாம்?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்

அப்பாவைத் திருத்தாதீர்கள். நீங்கள் பழசு என்று நினைக்கிற அந்த வரிகள்தான் அவருக்கு உள்ளே ஓடுகிற ஜெபமாக இருக்கலாம், வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. ஜெபத்துக்கு முன்னால் ஒரு வேண்டுதலைப் பெயரோடு அவர் கையில் கொடுங்கள்: "அப்பா, இன்னைக்கு எதிர்வீட்டு ஆபரேஷனுக்கு நீங்க ஜெபிங்க." அதிலிருந்தே தொடங்குவார். மீதிப் பட்டியலை ஞாயிறு ராத்திரிக்கு முழுசாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அன்று பிள்ளைகளுக்கு மறுநாள் பாட வேலை முடிந்திருக்கும்.

வேதவாசகன்

நாள் கணக்குக்கு, மாற்கு முடியும் வரை போங்கள். நடுவில் விட்டுப்போன நாட்களைத் திரும்ப வாசிக்க வேண்டாம், அன்றைய பத்து வசனத்திலிருந்து தொடருங்கள். முடிந்ததும் கையால் எழுதிய வசனங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஒரே மாதிரி வசனத்திலேயே திரும்பத் திரும்பத் தடுக்கியிருந்தால், பேச வேண்டிய காரியம் அதுதான். வருட அட்டவணையை அதற்குப் பிறகு எடுத்தாலும் தப்பில்லை. இரண்டு வருடத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், தினம் இரண்டு அதிகாரத்துக்கும் குறைவாகத்தான் வரும்.